லண்டன் வரனும் மொரீஷியஸ் வரனும்

என் மூத்த மகளுக்குத் தை மாதம் ஒரே வாரத்தில் இரண்டு ஜாதகங்கள் வந்தன. ஒரு பையன் லண்டனில் வேலை பார்க்கிறார். இன்னொருவர் மொரீஷியஸ் தீவில், போர்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. இருவருமே நம் புதுக்கோட்டைச் சீமைப் பிள்ளைகள்தாம். விசாரித்த வரையில் இரண்டு குடும்பத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "ஆப்பிரிக்காவா? ஏம்மா, பொண்ணைக் கொண்டுபோய்க் காட்டுல விடப்போறியா?" என்றார் மாமியார். "அங்கே சிங்கம் புலி ஒண்ணும் கிடையாது அத்தை, கரும்புதான்" என்றேன். அதற்குள் என் கொழுந்தனார் ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் என்று பெருக்கி, "மாசம் மூணு லட்சத்துப் பத்தாயிரம் அண்ணி! மொரீஷியஸ்காரருக்கு ஒண்ணரை லட்சம்கூட வரலே. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நான் பிளஸ் டூவோடு நின்றவள். பொருளாதாரம் எல்லாம் படித்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு குடும்பத்தின் வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன். வரவை மட்டும் பார்த்து ஒரு வீட்டின் வசதியைச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அப்போது என் அப்பத்தா சொன்ன அம்மன் காசு நினைவுக்கு வந்தது. 1948-ல் இந்தியாவோடு சேரும் வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம் அல்லவா? சமஸ்தானத்துக்கென்று பிரகதாம்பாள் உருவம் போட்ட சின்னஞ்சிறு செப்புக்காசு இருந்தது. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரி நாட்களில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசும் கொடுப்பார்களாம். அப்பத்தா ஆலங்குடிச் சந்தையில் அந்தக் காசைக் கொடுத்துக் கீரையும் கருவேப்பிலையும் வாங்கி வருவார். அதே காசை முடிந்துகொண்டு அறந்தாங்கிக்குப் போனால் கடைக்காரர் சிரிப்பாராம். அறந்தாங்கி அன்று வெள்ளைக்காரன் சீமை, தஞ்சாவூர் ஜில்லா. நம் மாவட்டத்தோடு சேர்ந்தது 1974-ல்தான். காசின் மதிப்பு அது எந்த ஊர்க் கடையில் செலவாகிறது என்பதில் இருக்கிறது!

கொழுந்தனார் செய்த தப்பு இதுதான். சம்பாதிப்பதைப் பவுண்டில் எடுத்துக்கொண்டு, செலவை ஆலங்குடி விலையில் கற்பனை பண்ணிக்கொண்டார். பையன் லண்டனில் சம்பாதித்து லண்டனில்தானே சாப்பிட வேண்டும்? ஒரு முடிவெட்டும் கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பையன் 15 பவுண்டு கொடுக்கிறாராம். நம் பணத்தில் 1,725 ரூபாய். மொரீஷியஸ் பையனுக்கு அந்த ஊர் ரூபாயில் 250 ஆகிறது. அவர்கள் ரூபாய் ஒன்று நம்முடையதில் ஏறக்குறைய 1.90. ஆக 475 ரூபாய். எங்கள் தெருமுனையில் என் வீட்டுக்காரர் கொடுப்பது 120. மூன்று இடத்திலும் அதே கத்தரி, அதே அரைமணி நேரம்.

நாடுகளின் வருமானத்தை ஒப்பிடும் நிபுணர்களும் இதனால்தான் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். டாலரில் நேராக மாற்றினால் பிரிட்டனில் ஆளுக்கு ஆண்டு வருமானம் 50,000 டாலருக்கு மேல், மொரீஷியஸில் 12,000 டாலர் அளவில். நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தந்த ஊர் விலைவாசியைச் சேர்த்து, 'வாங்கும் சக்தி' என்று பார்த்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மொரீஷியஸ் ஏழை நாடும் அல்ல. 2020-ல் உலக வங்கி அதை உயர் வருமான நாடுகளின் பட்டியலிலேயே சேர்த்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட, மறு வருஷமே ஒரு படி இறங்கியது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இரண்டு பையன்களிடமும் மாதச் செலவுக் கணக்கு கேட்டு வாங்கினேன். "மாப்பிள்ளை பார்க்கிற இடத்துல இப்படியா கேப்பாங்க?" என்று என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டார். நகை எத்தனை பவுன் என்று கேட்க யாரும் கூச்சப்படுவதில்லையே!

லண்டன் பையன் வரி போகக் கையில் வாங்குவது 2,700 பவுண்டு. ஒரே ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 1,400. நம் ஊர் வீட்டுவரி மாதிரி கவுன்சில் வரி என்று 130. அதை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டுமாம்! கேஸுக்கும் கரண்டுக்கும் 120, குளிர்காலத்தில் இன்னும் ஏறும். ரயிலுக்கு 180, சாப்பாட்டுக்கு 320, போன் வகையில் 50. மீதி 500 பவுண்டு.

மொரீஷியஸ் பையன் கையில் வாங்குவது 75,000 மொரீஷியஸ் ரூபாய். வாடகை 18,000, கார்க் கடனும் பெட்ரோலும் 16,000, சாப்பாடு 16,000, கரண்டு, தண்ணீர், போன் எல்லாம் 5,000. மீதி 20,000. வருஷம் முழுக்க வெயில் என்பதால் வீட்டைச் சூடு பண்ணும் செலவே இல்லை. ஆனால் புயல் வரும் ஊர்.

மிஞ்சியதை நம் பணத்தில் மாற்றிப் பார்த்தேன். இங்கே 57,500, அங்கே 38,000. வரவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த வித்தியாசம், மிச்சத்தில் இருபதாயிரத்துக்குள் வந்துவிட்டது. நோட்டைக் கொழுந்தனாரிடம் நீட்டினேன். இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு அண்ணி" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பணம் போக, அரசாங்கம் என்ன செய்கிறது என்பதும் குடும்பக் கணக்குதான். பிரிட்டனில் 1948 முதல் வைத்தியம் பொதுச் செலவில் நடக்கிறது. டாக்டரைப் பார்க்கவும் பிரசவத்துக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டாம். ஆனால் விசாவில் போகிறவர்கள் அதற்கென்று முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். 2024 முதல் பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு. மூன்று வருஷ விசா என்றால் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல், புறப்படும் முன்பே! குழந்தை பிறந்து பெண்ணும் வேலைக்குப் போவதாக இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும். அதற்கு வாடகையை விடக் கூடுதலாகிறது என்று அந்தப் பையனே சொன்னார். அந்த நாட்டார் வாங்கும் உதவித் தொகை பலவும் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

மொரீஷியஸ் இதில் எனக்கு ஆச்சரியத்தைக் கொடுத்தது. 2,040 சதுர கிலோமீட்டர், பன்னிரண்டரை லட்சம் ஜனங்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் பரப்பில் பாதிகூட இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே நாம் 16 லட்சம் பேர். அத்தனை சின்ன நாட்டில் 1977 முதல் உயர்நிலைப் பள்ளி வரை படிப்பு இலவசம், 2005 முதல் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் இலவசம், 2019 முதல் அரசுக் கல்லூரிகளில் முதல் பட்டமும் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்நாட்டாருக்குக் கட்டணம் இல்லை. அரிசி முழுக்க வெளியிலிருந்து வந்தாலும், மானிய விலையில் 'ரேஷன் அரிசி' உண்டு. நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சத்துத் தலைவர்.

நம்மவர்கள் அங்கே போன கதை சுகமானதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார்கள். 1834-க்குப் பிறகு ஆங்கிலேயர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நாலரை லட்சம் பேரை ஏற்றிப் போனார்கள். பிரிட்டன் பணக்கார நாடாகவும் மொரீஷியஸ் கரும்புக் காடாகவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார மேதை (1977-ல் நோபல் பரிசு வாங்கியவர்) மொரீஷியஸ் முன்னேற வழியே தெரியவில்லை என்ற மாதிரி அறிக்கை எழுதினார். ஜனத்தொகை கிடுகிடுவென ஏறுகிறது, கரும்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்பது அவர் கவலை.

ஆனால் 1968-ல் சுதந்திரம் அடைந்த நாடு, 1970-ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சட்டம் போட்டது. சட்டை தைக்கும் ஆலைகள் வந்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1975 முதல் 2009 வரை ஐரோப்பிய நாடுகள் ஓர் ஒப்பந்தப்படி மொரீஷியஸ் சர்க்கரையை நிச்சயித்த விலைக்கு வாங்கின. பெரும்பாலான ஆண்டுகளில் அது உலகச் சந்தையைவிட நல்ல விலை. அந்தப் பணத்தைப் படிப்பிலும் வைத்தியத்திலும் ஓட்டல்களிலும் போட்டார்கள். பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள், வீட்டுக்கு ஆறு பிள்ளை என்பது இரண்டானது. மேதை சொன்னது பலிக்கவில்லை!

எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்ல வரவில்லை. தாய்மார்கள் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் குழந்தை பிறந்தால், ஒரு வயதுக்குள் பிரிட்டனில் இறப்பது 4 போல. மொரீஷியஸில் 12 முதல் 15-க்குள். நம் தமிழ்நாட்டில் 2020-ல் 13. சராசரி ஆயுளும் பிரிட்டனில் 81-ஐ ஒட்டி, மொரீஷியஸில் 74-ஐ ஒட்டி. அங்கே பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இதைச் சொன்னதும் மாமியார், "அதான் கரும்புங்கிறியே!" என்றார். கரும்பு விளைவதால் வருவதில்லை. அரிசியும் எண்ணெய்ப் பலகாரமும் அதிகம், நடை குறைவு. நம் கதைதான்.

இன்னொன்று. நான் போட்ட கணக்கு ஆபீஸ் உத்தியோகக்காரர்களின் கணக்கு. கீழே இருப்பவர்களைப் பார்த்தால் தராசு மறுபடியும் சாய்கிறது. 2025-ல் இங்கிலாந்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. முழுநேரம் உழைத்தால் மாதம் 2,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. மொரீஷியஸில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 17,000 ரூபாயை ஒட்டி. லண்டனில் துடைப்பம் பிடிப்பவருக்கும் எங்கள் வரனுக்கும் இடையே இரண்டு மடங்குத் தூரம்கூட இல்லை. போர்ட் லூயிஸில் ஆலையில் தைக்கும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு அதிகாரிக்கும் இடையே நாலு மடங்குக்கு மேல். என் மகள் அங்கே போனால் வசதியான பக்கத்தில் நிற்பாள். அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், முழுசாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

என் சுயநலத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால். காலையில் நான் காப்பி போடும்போது அவள் எழுந்துகொள்ளுவாள். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பிரசவம் பார்க்கப் போக முன்கூட்டி விசாவுக்கு அலைய வேண்டாம். லண்டனுக்கு அப்படி நினைத்தவுடன் கிளம்ப முடியுமா?

இப்படி நான்கு நாள் நோட்டும் கையுமாக இருந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், மகள் அந்த நோட்டை வாங்கிப் படித்தாள். பார்மசி படித்துவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். "ரெண்டு கணக்கிலும் என் சாப்பாட்டுக்கு எழுதணும்னு ஓரத்துல குறிச்சிருக்கே. என் சம்பளத்தை எங்கேயும் காணோமே அம்மா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே சம்பளக் கணக்கை எழுதிப் பழகிய கை! லண்டனில் அவள் படிப்புக்கு என்ன மதிப்பு, மறுபடி பரீட்சை எழுத வேண்டுமா, மொரீஷியஸில் வேலை செய்ய அனுமதி உண்டா, அங்கே பத்திரிகை பிரெஞ்சிலும் தெருப்பேச்சு கிரியோலிலும் இருக்க மருந்துக்கடையில் நின்று பேச முடியுமா? எதுவும் நான் கேட்கவே இல்லை. இந்தத் தரம் நான் கேட்கவில்லை, அவளையே எழுதச் சொன்னேன்.

இரண்டு பேரும் பதில் போட்டுவிட்டார்கள். ஒருவருடையது நாலு வரி, மற்றவருடையது நாலு பக்கம் என்று மட்டும் சொன்னாள். யாருடையது எது என்று இன்னும் எங்களிடம் சொல்லவில்லை.