‘எல்லாருக்கும் ஒரே ரூல்தானே?’ - அதுவும் டிஸ்கிரிமினேஷன் ஆகுமா?

‘மேனேஜர் என்னை டிஸ்கிரிமினேட் பண்றார்’, ‘பேச்சுலர்னு வீடு தரலை, இது டிஸ்கிரிமினேஷன்’... ஆபீஸ் கேன்டீன்ல ஆரம்பிச்சு இன்ஸ்டா ஸ்டோரி வரைக்கும் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறோம். ஆனா, நமக்குப் பிடிக்காத எல்லாமே டிஸ்கிரிமினேஷனா? இந்த வார்த்தையை எங்கே பயன்படுத்தணும், எங்கே கூடாது? பார்க்கலாம் வாங்க.

முதலில் இது நல்ல வார்த்தை!

பிரித்தல், வேறுபடுத்துதல் என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது டிஸ்கிரிமினேஷன். ஆரம்பத்தில் இதில் கெட்ட அர்த்தமே கிடையாது. இன்றைக்கும் ஒருவருக்கு ‘டிஸ்கிரிமினேட்டிங் டேஸ்ட்’ இருக்குன்னு சொன்னா அது பாராட்டுதான். நல்லது எது, சுமாரானது எதுன்னு பிரித்தறியும் ரசனை உள்ளவர்னு அர்த்தம். தமிழிலும் இதே கதைதான். ‘பகு’ என்ற வேரிலிருந்துதான் ‘பகுத்தறிவு’ வந்தது, ‘பாகுபாடு’ம் வந்தது.

ஆக, பிரித்துப் பார்ப்பது தப்பில்லை. டிரைவர் வேலைக்கு லைசென்ஸ் கேட்பது நியாயம். அதே வேலைக்கு சாதி என்னன்னு கேட்டா? அங்கேதான் பாகுபாடு தொடங்குது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம்... இவற்றை மட்டும் காரணமாக வைத்து அரசு யாரிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 15-வது பிரிவு.

ஒரு குட்டி கிராமர் டிப்ஸ்: ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரிமினேட்’ கூட ‘எகெய்ன்ஸ்ட்’ சேர்த்தால்தான் ‘ஒருவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவது’. ‘பிட்வீன்’ போட்டால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கண்டுபிடிப்பது. ‘ஹீ டிஸ்கிரிமினேட்டட் மீ’ன்னு மெயிலில் எழுதிடாதீங்க!

நேரடியாக நடப்பது

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. அந்தப் பணியில் அப்போது பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் வேலைக்கு இடைஞ்சல்னு அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்ல முடிந்தது. ஆண் அதிகாரிக்கு இப்படி எந்த ரூலும் இருக்கவில்லை. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு ஆணுக்கும்தானே இருக்கு என்ற கோணத்தில் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

கண்ணுக்குத் தெரியாதது

இதுதான் முக்கியமானது. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா அடி விழுவது ஒரு தரப்புக்கு மட்டும்! இதை ‘மறைமுகப் பாகுபாடு’ என்கிறார்கள்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு மின் நிறுவனம், நல்ல சம்பளப் பிரிவுகளுக்கு மாற பள்ளிப் படிப்புச் சான்றிதழோ தேர்வில் தேர்ச்சியோ கட்டாயம் என்றது. அந்த வேலைகளைச் செய்ய இரண்டுமே தேவைப்படவில்லை. ஆனா, தரமான கல்வி மறுக்கப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் வடிகட்டப்பட்டாங்க. இது செல்லாது என்று 1971-ல் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

நம்ம ஊரிலும் 2021-ல் இதே மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்க, ஆண்களுக்கு வைத்த அதே உடல்தகுதி அளவுகோலையே வைத்தார்கள். பார்க்க சமத்துவம் மாதிரிதானே இருக்கு? ஆனா, ஆண்களை இளம் வயதிலேயே அந்த அளவுகோலில் சோதித்துவிட்டார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பே அப்போது இல்லை; நாற்பதுகளில் வைத்துச் சோதித்தார்கள். இது மறைமுகப் பாகுபாடு என்றது உச்ச நீதிமன்றம்.

அப்போ ரிசர்வேஷன்?

‘அதுவும் பிரித்துப் பார்ப்பதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரிப்பதுதான், ஆனா நோக்கம் வேறு. ஏற்கெனவே இருக்கும் மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தான் அது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் ரத்தானதைத் தொடர்ந்து, 1951-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே இதற்கு இடம் கொடுக்கப்பட்டது.

உங்களுக்கு நடந்தால்?

மூணு கேள்வி கேளுங்க. என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இதே மாதிரி நடத்தியிருப்பாங்களா? அந்த வித்தியாசத்துக்கு நான் யார் என்பது காரணமா, என் வேலை காரணமா? ரூல் பொதுவானதுன்னா, அது யாரை மட்டும் வெளியே தள்ளுது?

லேட்டா வந்ததுக்காக எல்லாரோடும் சேர்த்து உங்களுக்கும் திட்டு விழுந்தால், அது டிஸ்கிரிமினேஷன் இல்லை. லேட்டா வந்தவங்களில் ஒரு குறிப்பிட்ட சாதிக்காரருக்கு, அல்லது பெண்களுக்கு மட்டும் மெமோ வந்தால், அதுக்குப் பேர் அதேதான். தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவங்க யார் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்க. புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

பேச்சுலர் வீட்டு விஷயம்? 15-வது பிரிவில் ‘பேச்சுலர்’ இல்லை. தனியார் வீட்டு வாடகை வரை எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே பாகுபாடு ஒழிப்புச் சட்டமும் இந்தியாவில் இல்லை. அதனால் வீட்டு ஓனர் கேட்டைச் சாத்தினால் கோர்ட்டுக்குப் போவது கஷ்டம். அதுக்காக அவர் செய்தது நியாயம்னு ஆகிடாது மக்களே!