எட்டு பிட் இலக்கணமும் சிதம்பரத்துக் கரணங்களும்

பக்கவாட்டில் விரியும் திரையில் ஓடி, திட்டுக்குத் திட்டு தாவி, எதிர்ப்படும் பகைவரைச் சுட்டோ மிதித்தோ வீழ்த்தி முன்னேறும் விளையாட்டு வகை 'ஆக்‌ஷன் பிளாட்ஃபார்மர்' எனப்படுகிறது; 1981இல் நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' இதற்கு வழிகோலியது, 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இதன் இலக்கணத்தை வகுத்தது. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்கு இது டிவி கேம் கேசட்டுகள் வழியாகவும், 1990களில் பள்ளிக் கணினி அறைகளில் ஃபிளாப்பிகள் வழியே கைமாறிய 'டேஞ்சரஸ் டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆகியவற்றின் வழியாகவும் வந்து சேர்ந்தது. மரியோவின் தாக்கத்தில் ஜான் ரொமேரோ உருவாக்கிய டேவ் பத்தே கட்டங்கள் கொண்டது. கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்பதை அக்காலத்தில் கணினி பழகிய தலைமுறை மறந்திருக்காது.

இவ்விளையாட்டுகளின் தோற்றத்தை முடிவுசெய்தவை கருவியின் வரம்புகளே. நிண்டெண்டோவின் எட்டு பிட் கருவியில் திரை என்பது 256க்கு 240 புள்ளிகள். 'ஸ்பிரைட்' எனப்படும் நகரும் உருவத் துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்களே கிடைத்தன. ஒரே கிடைவரியில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வந்தால் எஞ்சியவை வரையப்படாமல் போயின. மரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவத்தில், நிறம் மட்டும் மாறி வரையப்பட்டன. அன்றைய மேசைக் கணினிக்கோ திரையைச் சீராக நகர்த்தும் ஆற்றலே இருக்கவில்லை; மாறிய பகுதிகளை மட்டும் மீண்டும் வரையும் உத்தியை நிரலாளர் ஜான் கார்மாக் 1990இல் கண்டறிந்த பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில் 'கமாண்டர் கீன்' வெளிவர முடிந்தது.

அந்த வரம்புகள் மறைந்துவிட்ட காலத்தில், அவற்றை விரும்பி மேற்கொள்வதே 'ரெட்ரோ' எனப்படும் பழம்பாணி. இது பழையதை அப்படியே படியெடுப்பதன்று. 2014இல் வெளியான 'ஷவல் நைட்' பழைய நிறத் தட்டையே பெரும்பாலும் பின்பற்றி, சில நிறங்களைச் சேர்த்து, அகலத் திரையை ஏற்று, உருவங்கள் மினுக்கிடும் குறையை நீக்கிக்கொண்டது. 2018இல் வந்த 'செலஸ்ட்' இன்னும் நுட்பமானது: வீராங்கனை விளிம்பைக் கடந்து காற்றில் கால் வைத்த பின்னும், நொடியின் மிகச் சிறு பகுதிவரை தாவும் பொத்தானை ஏற்றுக்கொள்கிறது. ஆடுபவர் இதை உணர்வதில்லை. தம் கை தேர்ந்துவிட்டதாகவே மகிழ்கிறார். பழம்பாணியின் மெய்யான வளர்ச்சி படத்தில் அன்று, இத்தகைய கருணையில்தான் இருக்கிறது எனலாம்.

சின்னஞ்சிறு உருவத்தில் அசைவை அடக்கும் கலை சிதம்பரத்துக்குப் புதிதன்று. நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்புறத்தில், நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் சிறு சிறு கட்டங்களாக மேலடுக்கி வடிக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் உடலும் இணைந்து இயங்கும் அசைவு. அது உறைந்த நிலையன்று என்பதை நாட்டிய ஆய்வாளர் பத்மா சுப்ரமண்யம் தம் ஆய்வால் விளக்கினார். அவ்வசைவின் எந்தக் கணத்தைக் கல்லில் நிறுத்தினால் முன்னும் பின்னும் உள்ளவை பார்ப்பவர் மனத்தில் விரியும் என்று சிற்பி தேர்ந்தாக வேண்டும். ஓடும் உருவத்தை நான்கைந்து சட்டகங்களில் வரையும் புள்ளி ஓவியருக்கும் இதே வேலைதான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை ஆக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அதிலிருந்தே சட்டகங்களைத் தேர்ந்து வரைந்தார். கோபுர வாயிலில் நின்று ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கும் மாணவருக்கு அந்தப் பயிற்சி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கருவிச் செலவும் இன்று தடையில்லை. செலஸ்டின் முதல் வடிவத்தை இருவர் நான்கே நாளில் செய்து முடித்தனர். 'கோடாட்' போன்ற விளையாட்டு ஆக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', தமிழ்க் குடும்பத்தின் சமையலை உலகம் ஆடும் விளையாட்டாக்கிக் காட்டியது. கடலூர்ப் பகுதியில் கருப்பொருளுக்கும் குறைவில்லை: பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்கள் இயற்கையே அமைத்த திட்டுகள். தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்களையும் தனதாக்கிக்கொண்டது. அவை 'குண்டு கிராமங்கள்' என்றே வழங்கின. பிளாட்ஃபார்மரில் ஒவ்வொரு இடைவெளியும் வீரன் தாவக்கூடிய தொலைவைக் கொண்டே அளந்து அமைக்கப்படுகிறது. குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை மட்டுமே களம் விரியும் என்று ஒரு விதி வைத்தால், கடலூரின் வரலாறே அவ்விளையாட்டின் முதல் கட்டமாகிவிடும்.