தேநீர்ச் சுவையறிதல்

தேநீர்ச் சுவையறிதல் என்பது பல்வேறு தேயிலைகளை ஒரே அளவில், ஒரே முறையில் ஊறவைத்து, அவற்றின் தோற்றம், நிறம், மணம், சுவை ஆகியவற்றை ஒப்பிட்டு மதிப்பிடும் செயல் ஆகும். இது தேயிலை வணிகத்தில் ஒரு தொழிலாகவும், தேநீர் ஆர்வலர்களிடையே கூடிப் பகிரும் பொழுதுபோக்காகவும் விளங்குகின்றது. தொழில்முறையில் இதனைச் செய்பவர் டீ டேஸ்டர் எனப்படுகின்றார். தமிழ்நாட்டில் குன்னூரும், இலங்கையில் கொழும்பும் இத்தொழிலின் முதன்மையான இடங்கள். ஒரு டேஸ்டர் ஒரு கோப்பைக்குச் செலவிடும் நேரம் சில நொடிகளே. எனினும், அந்த நொடிகளில் உருவாகும் கருத்தே ஒரு தொழிற்சாலையின் தேயிலைக்குக் கிடைக்கும் விலையையும், அதன்வழி கொழுந்து விற்கும் சிறு விவசாயியின் வருவாயையும் பெரிதும் தீர்மானிக்கின்றது.

வரலாறு

தேயிலையின் தரத்தை ஆராயும் வழக்கம் சீனாவில் தோன்றியது. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ எழுதிய தேயிலை பற்றிய நூல், இலையின் தரத்தோடு தேநீருக்கு உகந்த நீரைப் பற்றியும் பேசுகின்றது. சொங் வம்சக் காலத்தில் (960-1279) தேநீர்ப் போட்டிகள் நடைபெற்றன. அக்காலத்தில் தேயிலையைப் பொடியாக்கி, வெந்நீரிட்டு, நுரை எழும்படி அடித்துப் பருகினர். நுரையின் வெண்மையும் அது நிலைக்கும் நேரமும் வெற்றியைத் தீர்மானித்தன.

ஜப்பானில் 14ஆம் நூற்றாண்டில் தோச்சா என்னும் விளையாட்டு பரவியது. பல தேநீர்களைச் சுவைத்து, தொகானோ பகுதியில் விளைந்த "உண்மைத் தேயிலை" எது, பிற இடங்களில் விளைந்தது எது எனக் கண்டறிவதே அதன் நோக்கம். பரிசும் பந்தயமும் மிகுந்து சூதாட்டமாக மாறியதால், 1336 இல் அஷிகாகா ஆட்சி இத்தகைய கூட்டங்களைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது. இவ்விளையாட்டின் அமைதியான வடிவம் சக்கபுக்கி என்ற பெயரில் இன்றும் ஜப்பானில் நிலவுகின்றது.

தொழில்முறைச் சுவையறிதல் ஏலங்களோடு வளர்ந்தது. இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பனியின் முதல் தேயிலை ஏலம் 1679 இல் நடந்தது. இலண்டன் ஏலம் 1998 இல் முடிவுக்கு வந்தது. கல்கத்தாவில் 1861 இலும், கொழும்பில் 1883 இலும், கொச்சியில் 1947 இலும், குன்னூரில் 1963 இலும் ஏலங்கள் தொடங்கின.

தென்னிந்தியாவும் இலங்கையும்

இலங்கையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் காணப்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்ததால், மலைநாடு தேயிலைக்கு மாறியது. அத்தோட்டங்களில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர். 1964 இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு, நீலகிரியிலும் வால்பாறையிலும் உள்ள தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை அளிக்கப்பட்டது. ஆகவே டேஸ்டரின் மேசைக்கு வரும் கோப்பைகள் பலவற்றுக்குப் பின்னால் தமிழ்க் கைகளின் உழைப்பு உள்ளது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்தார்களா, முற்றிய இலையும் காம்பும் கலந்தனவா என்பதைக் கோப்பை காட்டிவிடும்.

நீலகிரியில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தங்கள் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றனர். பசுந்தேயிலையின் விலை, தேயிலைத்தூள் ஏலத்தில் பெறும் சராசரி விலையோடு இணைத்துக் கணக்கிடப்படுகின்றது. தொழிற்சாலை அனுப்பும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் தரகர் மாதிரி எடுத்துச் சுவைத்து மதிப்பு இடுகின்றார். அதே மாதிரிகள் வாங்குவோருக்கும் அனுப்பப்படுகின்றன. அவர்களின் டேஸ்டர்களும் சுவைத்த பின்னரே ஏலம் கேட்கின்றனர். 2020 இல் கொழும்பு ஏலம் இணையவழிக்கு மாறிய போதும் இந்த நடைமுறை மாறவில்லை. ஏலம் திரைக்குப் போனாலும், சுவையறிதல் கோப்பையிலேயே நடைபெறுகின்றது.

செய்முறை

ஒப்பீடு நேர்மையாக அமைய, தேயிலையைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கென அனைத்துலகத் தரப்படுத்தல் நிறுவனம் ஐ.எஸ்.ஓ 3103 என்ற தரத்தை 1980 இல் வெளியிட்டது. இதன்படி,

1. 100 மில்லி லீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை எடுக்கப்படும்.
2. வெள்ளைப் பீங்கானால் ஆன, மூடியுள்ள, விளிம்பில் பற்கள் வெட்டிய சிறு கலத்தில் தேயிலை இடப்படும்.
3. புதிதாகக் கொதித்த நீர் ஊற்றி, மூடி, 6 நிமிடம் ஊறவிடப்படும்.
4. கலத்தைக் கிண்ணத்தின் மீது சாய்த்து வடிநீர் இறக்கப்படும். பற்களின் இடைவெளி இலையைத் தடுத்து நீரை மட்டும் விடும்.
5. ஊறிய இலை மூடியின் மீது கவிழ்த்து வைக்கப்படும்.

இத்தரத்தின் மூலமாக அமைந்த பிரித்தானியத் தரத்திற்கு, தேநீர் தயாரிக்க ஆறு பக்க விதிமுறை எழுதியமைக்காக, 1999 இல் நகைச்சுவை விருதான இக்நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இத்தரம் சுவையான தேநீர் தயாரிப்பதற்கானது அன்று. தேயிலையின் குறைகள் மறையாமல் வெளிப்படுவதற்காகவே இவ்வளவு நேரம் ஊறவிடப்படுகின்றது.

டேஸ்டர் மூன்று பொருள்களைப் பார்க்கின்றார்: உலர்ந்த இலை, ஊறிய இலை, வடிநீர். வடிநீரைக் கரண்டியில் எடுத்து, ஓசை எழும்படி வேகமாக உறிஞ்சி, வாய் முழுதும் பரப்பி, பின்னர்த் துப்பிவிடுகின்றார். ஓசையுடன் உறிஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அப்போது வடிநீர் நுண்துளிகளாகச் சிதறி, அதன் மணப்பொருட்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகின்றன. நாம் சுவை எனக் கருதுவதில் பெரும்பங்கு உண்மையில் மணமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு தேநீர் பருகினால் இதனை எவரும் உணரலாம்.

சுவையின் வேதியியல்

தேயிலையில் உள்ள கட்டெச்சின்கள் என்னும் பாலிபீனால்கள் துவர்ப்பையும் கசப்பையும் தருகின்றன. கறுப்புத் தேயிலை தயாரிப்பில் இலை கசக்கப்படும்போது, நொதியத்தின் செயலால் கட்டெச்சின்கள் ஆக்சிசனேற்றம் அடைந்து தியாஃபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. முன்னவை பொன்னிற ஒளியையும் நாவில் சுறுக்கென்ற உயிர்ப்பையும் தருபவை. பின்னவை செம்பழுப்பு நிறத்தையும் திண்மையையும் தருபவை. கஃபீன் கசப்புடையது. தியானைன் என்னும் அமினோ அமிலம் மென்மையான இன்சுவை தருவது. நிழலில் வளர்க்கப்படும் ஜப்பானியத் தேயிலைகளில் இது மிகுதி.

தமிழ் மரபு துவர்ப்பை அறுசுவைகளில் ஒன்றாகக் கொள்கின்றது. தற்கால உடலியல் இதனைத் தொடு உணர்வாகவே கருதுகின்றது. பாலிபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைவதால் வழவழப்புக் குறைந்து, நாக்கு இழுபடுவது போன்ற உணர்வு தோன்றுகின்றது. பால் சேர்த்தால் துவர்ப்புக் குறைவதும் இக்காரணத்தாலேயே: பாலின் கேசீன் புரதம் பாலிபீனால்களைப் பிணைத்துக் கொள்கின்றது.

கலைச்சொற்கள்

இந்திய, இலங்கைத் தேயிலை வணிகத்தில் சுவைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே வழங்குகின்றன. சில முதன்மையான சொற்கள்:

- பிரைட்: வடிநீர் மங்கலின்றி ஒளிர்வது.
- பிரிஸ்க்: நாவில் உயிர்ப்புள்ள துவர்ப்பு. இதன் எதிர்ச்சொல் பிளாட். ஈரம் ஏறிய அல்லது பழைய தேயிலையில் காணப்படுவது.
- பாடி: வாயில் உணரப்படும் திண்மை.
- மால்ட்டி: முளைகட்டிய தானியத்தை ஒத்த மணம்.
- கிரீமிங் டவுன்: ஆறும்போது வடிநீர் பாலாடை நிறமாகக் கலங்குவது. கஃபீனும் தியாஃபிளேவின் முதலியவையும் இணைவதால் ஏற்படும் இது குறையன்று. நல்ல தேயிலையின் அடையாளமாகக் கொள்ளப்படுவது.
- கிரீன்: போதிய வாடலோ ஆக்சிசனேற்றமோ இல்லாமையால் வரும் பச்சை வாடை.
- பர்ன்ட்: உலர்த்தியில் மிகை வெப்பத்தால் கருகிய தன்மை.
- ஸ்மோக்கி: உலர்த்தியின் அடுப்புப் புகை கசிந்து இலையில் ஏறிய வாடை.

ஒரே பண்பு ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் நிறையாகவும் அமையலாம். நீலகிரித் தேயிலையில் புகை வாடை இருந்தால் விலை குறையும். சீனாவின் லாப்சாங் சூசொங் தேயிலையோ பைன் மரப் புகையில் உலர்த்தப்படுவது. புகை மணமே அதன் சிறப்பு.

இடமும் பருவமும்

நீலகிரித் தேயிலை மலர் மணத்திற்கும் ஒளிரும் வடிநீருக்கும் பெயர் பெற்றது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கடுங்குளிரில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் செறிகின்றது. அப்போது பறிக்கப்படுவது உறைபனித் தேயிலை எனப்படும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை 2008 இல் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையின் ஊவாவில் சூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றும், திம்புலவில் சனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த வறட்சியும் சிறந்த பருவங்களைத் தருகின்றன. இலங்கையின் தாழ்நிலத் தேயிலை கருமையும் கடுமையும் மிக்கது. மேற்காசிய நாடுகளில் விரும்பப்படுவது. டார்ஜீலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையில் தோன்றும் மஸ்கட்டல் என்னும் திராட்சை மணத்திற்கு, தத்துப்பூச்சிகள் கொழுந்தைக் கடிப்பதும் ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் பயன்படுவது சி.டி.சி முறையில் தயாரான தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இம்முறை 1930களில் அசாமில் உருவானது. விரைவில் கடுஞ்சாறு இறங்குவதாலும், பாலைத் தாங்கும் திண்மை உள்ளதாலும் இது கடைகளுக்கு ஏற்றது. கடையில் "ஸ்ட்ராங்", "லைட்" என்று கேட்கும் வாடிக்கையாளரும் ஒருவகையில் சுவையை வகைப்படுத்துபவரே.

குழுவாகச் சுவைத்தல்

ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து சுவைப்பதற்கு டேஸ்டரின் கருவிகள் தேவையில்லை. ஒரே வடிவிலான வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு சிறு தராசு, ஒரு கடிகாரம் ஆகியவை போதும். தேயிலைகளின் பெயரையும் விலையையும் மறைத்து எண் மட்டும் இடுவது முறை. விலையுயர்ந்தது என்று தெரிந்தால் நாக்கு அதற்கேற்ப நடந்துகொள்ளும். அனைவரும் தம் கருத்தை முதலில் எழுதி முடித்த பின்னரே பேச வேண்டும். இல்லையெனில் முதலில் பேசுபவரின் சொல்லே மற்றவரின் சுவையாகிவிடும். "நன்று", "நன்றன்று" என்பதைவிட, ஈர வைக்கோல், வறுத்த பயறு, ஆரஞ்சுத் தோல் என அறிந்த பொருளோடு ஒப்பிடுவது பயனுள்ளது. அவ்வாறு சொன்னால் மற்றவர் தம் கோப்பையில் அதனைத் தேடிப் பார்க்க இயலும். இருவர் கருத்து வேறுபட்டால் இருவரும் தவறியவர் ஆகார். மணப்பொருட்களை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

வேறுபாடு உண்மையில் உணரப்படுகின்றதா என்பதை மூன்று கோப்பைச் சோதனையால் அறியலாம். இரண்டில் ஒரே தேநீரும், ஒன்றில் வேறொன்றும் ஊற்றி, மாறுபட்டதைக் கண்டறியச் சொல்வர். ஊகத்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. தொடர்ந்து ஐந்து முறை ஊகத்தால் சரியாகும் வாய்ப்பு 243 இல் ஒன்று மட்டுமே.

புள்ளியியலின் புகழ்பெற்ற சோதனை ஒன்றும் தேநீர்க் கோப்பையிலிருந்தே பிறந்தது. கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கூறினார். இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு ரொனால்டு ஃபிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் சோதனை வடிவமைப்பை விளக்கினார். எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. அவற்றைப் பிரிக்க 70 வழிகள் உள்ளன. ஆகவே வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70 இல் ஒன்றே.

நீரும் பிற காரணிகளும்

தேநீரில் பெரும்பகுதி நீரே. கடின நீரில் கால்சியம் உப்புகள் பாலிபீனால்களோடு சேர்ந்து மேலே படலம் உண்டாக்கி, வடிநீரை மங்கச் செய்கின்றன. மீமிசல் போன்ற பாக்கு நீரிணைக் கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதுண்டு. அந்நீரில் நீலகிரியின் நுண்மணம் எடுபடாது. மலையில் சுவைத்த அதே தூள் ஊரில் வேறாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே தேயிலையைக் கிணற்று நீரிலும் வடிகட்டிய நீரிலும் ஊறவைத்து ஒப்பிடுவது மாணவர்களுக்கு எளிய ஆய்வாகும்.

கலப்படத் தூளில் செயற்கை நிறம் சேர்க்கப்படுவதுண்டு. வடிதாளில் சிறிது தேயிலையைப் பரப்பி, நீர் தெளித்துச் சற்று வைத்துப் பின் இலையை அகற்றிக் கழுவினால், நிறமிட்ட தூள் தாளில் அழுத்தமான கறையை விடும். ஐயமுள்ள தூளைச் சுவைக்கக் கூடாது.

மிகச் சூடாகச் சுவைப்பதும் தவிர்க்கத்தக்கது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட பானங்களைப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் வகைப்படுத்தியது. சற்று ஆறிய தேநீரில் மணமும் துவர்ப்பும் தெளிவாக உணரப்படும் என்பதால், சுவையறிதலுக்கும் அதுவே ஏற்றது.

இவற்றையும் பார்க்க

- தேயிலை
- நீலகிரி மாவட்டம்
- மலையகத் தமிழர்
- அறுசுவை