உடலின் கோடுகளைப் படிக்கும் கலை: உளவியல் முதுகலை மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி ஏன் தேவை?

சாந்த்ராகாச்சி (கொல்கத்தா): சென்னையிலிருந்து மேற்கு வங்கம் செல்லும் ரயில் பயணிகள் பலருக்கு சாந்த்ராகாச்சி பழக்கமான பெயர். ஹவுரா மாவட்டத்திலுள்ள அந்நிலையத்தில் இறங்கி, ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் கொல்கத்தா நகரம். மனித மனத்தின் இயக்கத்தைக் கருவிகளால் அளக்கும் முயற்சி இந்தியப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது இந்நகரில்தான். நாட்டின் முதல் உளவியல் ஆய்வகம் 1915ஆம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அமைந்தது. மறு ஆண்டே உளவியலுக்கெனத் தனித் துறை உருவானது.

அத்துறைக்குத் தலைமை ஏற்ற என்.என்.சென்குப்தா, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். மூன்ஸ்டர்பெர்க், 1879இல் லைப்சிக் நகரில் ஆய்வகம் கண்ட வில்ஹெல்ம் வுண்ட்டின் மாணவர். மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற மற்றொருவரான வில்லியம் மார்ஸ்டன், இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறிய முயன்றவர். ஒரே ஆசிரியரிடமிருந்து கொல்கத்தாவுக்கு ஆய்வகக் கல்வியும், உலகக் காவல் துறைகளுக்குப் 'பொய் அறியும் கருவி' என்ற எண்ணமும் சென்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: மனத்தில் நிகழ்வது உடலில் தடம் பதிக்கிறது. அத்தடத்தை ஆராயும் துறையே சைக்கோபிசியாலஜி எனப்படும் உள-உடலியல்.

விரல் நுனியில் தொடங்கும் பாடம்

இத்துறையில் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் செய்து பார்ப்பது தோலின் மின்கடத்துத்திறனை அளக்கும் சோதனை. உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் பரிவு நரம்பு மண்டலத்தின் கட்டுப்பாட்டில் இயங்குபவை. திடீர் ஒலி கேட்டாலோ, அச்சமூட்டும் படத்தைக் கண்டாலோ ஒன்று முதல் நான்கு விநாடிகளுக்குள் தோலின் கடத்துத்திறன் சற்று உயரும். அதிகம் பயன்படுத்தாத கையின் இரு விரல்களில் மின்முனைகளைப் பொருத்தினால் அந்த உயர்வைத் திரையில் காணலாம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சோதனை, செய்யும்போது எளிதாக இருப்பதில்லை. இ.சி.ஜி.க்குப் பயன்படும் பசையை இதற்குத் தடவக் கூடாது. அதிலுள்ள அதிக உப்பு அளவீட்டைக் குலைத்துவிடும். சோதனைக்கு உட்படுபவர் இருமினாலும், ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் அதே போன்ற உயர்வு தோன்றும். எனவே திரையை மட்டுமன்றி ஆளையும் கவனித்து, நேரத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். கொல்கத்தா, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் வெயிலில் நடந்து வந்தவரை உடனே அமர்த்தி அளவெடுத்தால் கிடைப்பது மனத்தின் பதிவன்று, வானிலையின் பதிவே.

மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் இச்சிக்கல் இன்னும் பெரிது. உச்சந்தலையில் கிடைக்கும் மூளைச் சமிக்ஞை பெரும்பாலும் 100 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ஒருமுறை கண்ணிமைப்பதால் நெற்றிப் பகுதியில் உண்டாகும் மின்மாற்றம் அதையும் விஞ்சக்கூடும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்னோட்டம் கலக்கும். சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தொடர்பு சரியாகக் கிட்டாது. நம் ஊர் ஆய்வகங்களில் எண்ணெய் தேய்க்காமல் வரும்படி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பயிற்சியில் மாணவர் அளவு நாடாவை எடுத்து, மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளம் முதல் பின்மண்டை மேடு வரை அளந்து, 10 விழுக்காடு, 20 விழுக்காடு இடைவெளிகளில் புள்ளியிட்டு மின்முனைகளைப் பொருத்துகிறார். பிறகு கண்களை மூடச் சொல்கிறார். விநாடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலை பின்மண்டையில் தெளிவாகத் தோன்றினால், கருவி ஒழுங்காக இணைக்கப்பட்டுள்ளது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்த அலை அது.

கருவி எப்போதும் ஏதோ ஒரு கோட்டை வரைந்துகொண்டுதான் இருக்கும். அக்கோட்டில் உடல் எது, இரைச்சல் எது எனப் பிரித்தறிவது பாடநூலில் முழுமையாகக் கிட்டாது. தாமே சோதனைக்கு அமர்ந்து, வேண்டுமென்றே இமைத்தும் அசைந்தும் பதிவைக் கெடுத்துப் பார்த்த மாணவருக்கு அது விரைவில் பிடிபடுகிறது.

நின்றதாகக் கருதப்பட்ட இதயம்

இதற்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. யோகிகள் சிலர் இதயத்தை நிறுத்த வல்லவர்கள் என்ற நம்பிக்கையைப் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் புரோஸ் 1935இல் இந்தியாவில் எடுத்த பதிவுகள் வலுப்படுத்தியிருந்தன. அமெரிக்க உளவியலாளர் மரியன் வெங்கர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வங்காளியான பசு குமார் பாக்சி, டெல்லி எய்ம்ஸ் உடலியங்கியல் பேராசிரியர் பி.கே.ஆனந்த் ஆகியோர் இதை மீண்டும் சோதித்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி மறைந்தது, இதய ஒலி மங்கியது, ஆனால் இ.சி.ஜி.யில் துடிப்பு தொடர்ந்தது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்ததே நாடி மறையக் காரணம் என அவர்கள் விளக்கினர். ஒரே ஓர் அளவீட்டை நம்பியிருந்தால் இதயம் நின்றதாகவே பதிவாகியிருக்கும்.

நீதிமன்றம் வரை

இத்தகைய கோடுகளைத் தவறாகப் படிப்பதன் விளைவு ஆய்வேட்டோடு முடிவதில்லை. தடயவியல் ஆய்வகங்களின் பாலிகிராஃப் கருவி அளப்பதும் சுவாசம், இரத்த அழுத்தம், தோலின் கடத்துத்திறன் ஆகியவற்றையே. குற்றமற்றவர் அச்சத்தில் வியர்ப்பதும், பொய் சொல்பவர் வியர்ப்பதும் அக்கருவிக்கு ஒன்றுதான். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரின் ஒப்புதலின்றி பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை, நார்கோ சோதனை ஆகியவற்றுக்கு உட்படுத்தக் கூடாது என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21ஆவது பிரிவுகள் அதற்கு அடிப்படையாயின.

கல்லூரி ஆய்வகத்திலும் ஒப்புதலே முதற்படி. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதை வலியுறுத்துகின்றன. எதை அளக்கப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பங்கேற்பவரின் மொழியில் விளக்கிய பின்னரே மாணவர் மின்முனையைக் கையில் எடுக்கலாம். பாதியில் எழுந்து போக விரும்புபவர் அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை.