எக்ஸெலில் ஒரு போர் விமானம்!

எக்ஸெல் என்றதும் வீட்டுச் செலவுக் கணக்குதான் நினைவுக்கு வரும். நான் அதில் ஒரு பழைய போர் விமானத்தை மேம்படுத்திப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம்.

அது அமெரிக்கக் கடற்படையின் டக்ளஸ் டான்ட்லெஸ். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் ரகம். 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களின் அழிவுக்குக் காரணம் இந்த விமானங்களே. ஆனாலும் குறைகள் உண்டு. வேகம் குறைவு. இறக்கை மடங்காததால் கப்பலில் இடத்தை அடைக்கும்.

எஞ்சினை மாற்றினால்?

டான்ட்லெஸ்-3 மாடலில் 1,000 குதிரைத்திறன், வேகம் மணிக்கு சுமார் 402 கி.மீ. இதை 1,200 ஆக்கினேன். மற்றவை மாறாவிட்டால், சக்தி விகிதத்தின் கனமூலத்தால் வேகத்தைப் பெருக்க வேண்டும். விடை 427. நிஜத்தில் 1,200 குதிரைத்திறனுடன் வந்த டான்ட்லெஸ்-5 சுமார் 410-ஐத்தான் தொட்டது. என் சூத்திரத்தில் எடை, பறக்கும் உயரம், புரொப்பெல்லர் எதுவும் இல்லையே!

இறக்கை மடங்கினால்?

டான்ட்லெஸ்-5 விமானத்தின் எடை 4,245 கிலோ, இறக்கைப் பரப்பு 30.19 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 140.6 கிலோ. மடக்கும் பொறிக்கு 200 கிலோ என்று நானே ஒரு எண்ணைப் போட்டேன். உடனே அது 147.2 ஆனது. கப்பலில் இறங்கும் வேகம் 2 சதவீதத்துக்கு மேல் கூடும்.

பழைய அளவுக்குத் திரும்ப வழி என்ன? டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் சென்று கோல் சீக்கை கிளிக் செய்யுங்கள். இலக்கு 140.6, மாற வேண்டிய செல் இறக்கைப் பரப்பு. 31.6 என்று விடை வரும். இறக்கை பெரிதானால் எடை மறுபடி கூடும். சங்கிலி முடிவதில்லை.

நிஜத்தில் நடந்தது

என் ஆசைகளெல்லாம் சேர்ந்த விமானம் உண்மையிலேயே வந்தது. அதுதான் கர்ட்டிஸ் ஹெல்டைவர். மடங்கும் இறக்கை, 1,700 குதிரைத்திறன், குண்டுக்கு உள்ளறை. லிப்டில் இரண்டு ஏற வேண்டும் என்று உடலைக் குட்டையாக்க, பறக்கும்போது நிலைத்தன்மை கெட்டது. 1940 டிசம்பரில் முதலில் பறந்தது, போருக்கு வந்தது 1943 நவம்பரில்! 1944 ஜூன் 20 இரவு, நெடுந்தூரத் தாக்குதலுக்குப் போன ஹெல்டைவர்கள் பல எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கின. உடன் போன டான்ட்லெஸ்கள் பெரும்பாலும் திரும்பின.

ஷீட்டில் இல்லாத செல்

குளிர்ந்த உயரத்திலிருந்து ஈரக்காற்றுக்குள் பாயும்போது, டான்ட்லெஸ் விமானிகள் குறிபார்க்கும் தொலைநோக்கியில் பனி படிந்து இலக்கு மறையும். ஐந்தாம் மாடலில் அதை எடுத்துவிட்டு ரிப்ளெக்டர் சைட் வைத்தார்கள். சின்ன மாற்றம், பெரிய பலன். என் ஷீட்டில் அதற்கு ஒரு செல்கூட இல்லை.

சென்ற ஆண்டு, "ஒரு பட்டன்தானே" என்று கடைசி வாரத்தில் ஒரு வசதியைச் சேர்த்தேன். பில் போடும் பகுதியே படுத்துவிட்டது. இரண்டு இரவு தூக்கம் போனது. பயன்படுத்துபவர்களிடம் பிறகு கேட்டேன். "எழுத்து சின்னதா இருக்கு சார், அதை முதல்ல பெரிசாக்குங்க" என்றார்கள்.

இப்போதெல்லாம் ஷீட்டைத் திறக்கும் முன் அவர்களிடம்தான் போகிறேன்.