கையால் கற்ற ஆசிரியர்கள்

டில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயிலில், போபாலைத் தாண்டி இடார்ஸியை அடையுமுன் நர்மதை நதியின் பாலம் வரும். நேயர்களில் பலர் அந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் நாணயம் எறிந்திருப்பீர்கள். தென்கரையில் உடனே வரும் ஊர் ஹோஷங்காபாத். 2022 முதல் அதன் பெயர் நர்மதாபுரம். அவ்வூரைச் சுற்றிய கிராமங்களில் முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு கல்வி முயற்சியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கப் புறப்பட்ட அம்முயற்சி, முதலில் ஆசிரியர்களையே மாணவர்களின் இடத்தில் உட்கார வைத்தது.

நான் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். ஆயினும் பள்ளியில் பௌதிகமும் ரசாயனமும் படித்தவனே. எங்கள் பள்ளியில் சோதனைச்சாலை ஒன்று இருந்தது. அதன் அலமாரிக்குப் பூட்டும் இருந்தது. நீல லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும் என்று பரீட்சையில் எத்தனையோ முறை எழுதினேன். அத்தாளை ஒரு நாளேனும் தொட்டதில்லை. எங்கள் ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. அவரும் அதைத் தொட்டுக் கற்றிருப்பாரா என்பது ஐயமே. தாம் செய்து பாராததைப் பிறருக்கு ஒருவர் எங்ஙனம் செய்து காட்டுவார்?

ஹோஷங்காபாத் முயற்சி இந்த இடத்தில்தான் கை வைத்தது. 1972-ஆம் ஆண்டில், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும், மாநில அரசின் இசைவுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக்கழகத்தாரும் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் துணை நின்றனர். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் இப்பொறுப்பை ஏற்றது.

பயிற்சி கோடை விடுமுறையில் மூன்று வாரம் நடைபெறும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்ய வேண்டிய அதே சோதனைகளை, அதே 'பால் வைக்ஞானிக்' நூலைக் கொண்டு, ஆசிரியர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து செய்வார்கள். அந்நூலில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஒரு மேஜையின் நீளத்தைப் பலர் அளந்தால் பல விடைகள் வரும். எது சரி? ஒருவர் அடிக்கோலைச் சற்றுச் சாய்த்து வைத்திருப்பார். ஒருவர் தேய்ந்த முனையிலிருந்து எண்ணியிருப்பார். இவையெல்லாம் நீங்கிய பின்னும் சிறு வேறுபாடு எஞ்சும். அளவு என்பதே ஓர் எல்லைக்குட்பட்ட தோராயம் என்பது அப்போதுதான் புலனாகும்.

மின்சாரத்தைப் பற்றிய ஒரு சோதனையை நேயர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு டார்ச் செல், இழை உள்ள பழைய மாதிரி டார்ச் பல்பு ஒன்று, ஒரே ஒரு துண்டுச் செம்புக் கம்பி. இவற்றைக் கொண்டு பல்பை எரிய வைக்க வேண்டும். கம்பி ஒன்றுதான், இரண்டு கிடையாது. நான் என் மகளுடன் முயன்றபோது, செல்லின் தலையிலிருந்து கம்பியை எடுத்துப் பல்பின் அடிப்பொட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வருவதைப்போல மின்சாரம் வந்து நிறையும் என்பது என் எண்ணம் போலும்! பல்பின் இழைக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று அடிப்பொட்டிலும், மற்றது பக்கத்து உலோகச் சுற்றிலும் முடிகிறது. ஆகவே பல்பின் பொட்டைச் செல்லின் தலைமீது நிறுத்தி, செல்லின் அடியிலிருந்து கம்பியைக் கொண்டு வந்து உலோகச் சுற்றில் தொட வேண்டும். சுற்று முழுமை பெறும், விளக்கு எரியும். 'மின்சுற்று' என்ற சொல்லை அலுவலகத் தாள்களில் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அதிலுள்ள 'சுற்று' எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமென்பதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் இங்கு வந்து பணியாற்றியபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து உருவங்கள் செய்தார். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அழுத்தினால் அது வடிவம் மாறாது. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ உடனே சாய்ந்துவிடும்; குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால்தான் நிற்கும். இரும்புப் பாலங்கள் பலவற்றில் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக அமைத்திருப்பதன் காரணம் இதுவே.

ஆசிரியர்களுக்கு இதில் கடினமாயிருந்தது சோதனையன்று. வகுப்பின்முன் நின்று 'எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்' என்று சொல்வதுதான். கிராமத்தில் ஆசிரியருக்குள்ள மதிப்பே எல்லாம் தெரிந்தவர் என்பதில் அடங்கியிருக்கிறது. அதை இழக்க யார் துணிவார்? ஆகையால் கோடைப் பயிற்சியோடு விட்டுவிடாமல், மாதந்தோறும் ஆசிரியர்களைக் கூட்டி, வகுப்பில் நேர்ந்த சங்கடங்களைப் பேச வைத்தார்கள். பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதியனுப்ப 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரையும் படைத்தார்கள். ஹிந்தியில் சவால் என்றால் கேள்வி. நம் தமிழில் அச்சொல் அறைகூவலாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இங்கு இரு பொருளும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

பரீட்சையும் மாறியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தை நம்பியிருந்த பெற்றோருக்கு இது எளிதில் உவப்பாயிருந்திராது. விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தும், 2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. அது தவறென்பதே என் கருத்து. முப்பது ஆண்டுகள் பழகிய கைகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஏகலவ்யா போபாலிலிருந்து தன் பணியைத் தொடர்கிறது. குழந்தைகளுக்கான 'சக்மக்' என்னும் ஹிந்தி இதழ் அதனுடையதே. ஹிந்தி வழங்கும் ஊர்களில் வளரும் நம் பிள்ளைகள் அதனை எளிதில் வாசிப்பார்கள். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி நூலும் அவருடைய மற்ற விளையாட்டுச் சாதனங்களின் விளக்கங்களும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.