லூப் சாலையில் பேசாமல் விட்டது

2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியபோது, நொச்சிக்குப்பம் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து சாலையை மறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தொடர்ச்சி அது. வண்டியில் போகிறவர்களுக்கு அன்றாட நெரிசல்தான் பிரச்சினை. மீனவர்களோ, நாங்கள் வலை உலர்த்திய மணலில் பின்னால் வந்ததுதானே சாலை என்றார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தீர்வாகச் சொல்லப்பட்ட மீன் அங்காடி அப்போதே பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. 366 கடைகளோடு 2024 ஆகஸ்டில் திறந்தும்விட்டார்கள். எனவே சண்டை முழுவதும் இடைப்பட்ட மாதங்களுக்கானது: எந்தப் பக்கம் விற்பது, எத்தனை மணி வரை, வாங்க வருகிறவர் வண்டியை எங்கே விடுவது. பக்கத்துச் சாந்தோம்வாசிகளும் குப்பத்து மீனவர்களும் முன்கூட்டியே எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இதைப் பேசி முடித்திருக்கலாம் என்பதே என் வாதம். உட்காராதபோது இடத்தகராறு ‘அவங்களே அப்படித்தான்’ என்று மாறி, சாதியும் கட்சியும் அதில் ஏறிக்கொள்கின்றன.

உட்காரச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அதில் இடமுண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தேவை. உட்கார இன்னொரு இடம், 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகக் கூடிய ஏரியா சபை. கவுன்சிலர் தலைமையில் அந்தப் பகுதி வாக்காளர் எவரும் பேசலாம். இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. தி.நகரில் கடை போடுகிறவர், அடையாறில் வீட்டு வேலை செய்கிறவர் பலருக்கு ஓட்டு வேறு எங்கோ இருக்கும். அவர்களையும் அழைக்காத கூட்டம் ஒரு தரப்பின் கூட்டம்தான்.

ஏரியா சபை ஆளுங்கட்சி மேடையாகிவிடும் என்பார்கள். ஆகக்கூடும். அதனால்தான் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். கடினமான ஆட்சேபம் வேறு: வலியவனும் எளியவனும் பேசினால் எளியவன்தான் விட்டுக்கொடுப்பான். உண்மை. ஆகவே முன்னறிவிப்பும் சான்றும் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. அவற்றை ஏற்றுக்கொண்ட பிறகே நேரத்தையும் இடத்தையும் பேச வேண்டும். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ‘சமாதானக் கூட்டத்தில்’ கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம்.

வட்டார அமைதியைப் பாதிக்கும் தகராறுகளுக்கு மூவர் குழு வழியே சமுதாய சமரசம் என்று 2023-ன் சமரசச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரிவுகளில் அது இல்லை. வழக்குப் போடும் முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வழி இருக்கிறது. உதவி எண் 15100; மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கிடையாது.